நர்சரி வேலைக்கு வருகிறீர்களா? பூவாளியில் தொடங்கி சொந்தப் பண்ணை வரை

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் முந்திரித் தோப்பில் பாதிக்கு மேல் அன்று காலையிலேயே படுத்துவிட்டது. தாத்தா வைத்த மரங்கள். அப்பா அதையெல்லாம் விறகுக்கு விற்றுவிட்டு, திரும்ப நடலாம் என்று ஒட்டுக்கன்று (நல்ல மரத்துக் குச்சியை நாற்றின் மேல் சேர்த்துக் கட்டி வளர்த்த கன்று) தேடிப் போனால் எங்கேயும் கிடைக்கவில்லை, ஏனென்றால் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கன்று தேவைப்பட்டது. கன்று வாங்க ஆள் இருந்தது, ஒட்டுக் கட்ட ஆள் இல்லை. அப்படித்தான் பன்னிரண்டாவது முடித்த கையோடு நான் நர்சரிக்குப் போனேன். செடிமேல் பாசமெல்லாம் கிடையாது, தினக்கூலி கொடுத்தார்கள், போனேன்.

இப்போது மச்சானோடு சேர்ந்து ஒரு சின்ன நர்சரி நடத்துகிறேன். வாரத்துக்கு ஒருவராவது, பெரும்பாலும் இருபது இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள், "அண்ணே, நர்சரி வைக்கணும், எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் ஒரு நாலைந்து வருஷ வேலை இருக்கிறது, அதை எப்படிக் கடப்பது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

எந்த நர்சரிக்குப் போவது

நர்சரி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் மட்டும் ஐந்து வகை இருக்கிறது, ஒன்றில் கற்ற கைவேலை இன்னொன்றில் பாதிதான் உதவும்.

புதுச்சேரியைச் சுற்றியும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இருப்பவை பெரும்பாலும் அழகுச் செடி நர்சரிகள். குரோட்டன், இட்லிப்பூ, காகிதப்பூ, அரளி, புல்தரைக்கான புல், தொட்டிச் செடி. ஓட்டல், ரிசார்ட், புதுவீடு இவைதான் வாடிக்கை. பதியன் (கிளையைச் செடியில் இருக்கும்போதே வேர்விட வைப்பது), கட்டிங் (வெட்டிய குச்சியை வேர்விட வைப்பது) வேலை அதிகம், ஒட்டு வேலை குறைவு. ஆட்களோடு பேசத் தெரிந்தவர்களுக்கு நல்ல இடம், தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் இங்கிருந்துதான் கிளம்பும்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் பழக்கன்று நர்சரி. முந்திரி, பலா, மா, கொய்யா. கைத்திறனுக்குக் காசு இங்கேதான். நான் வளர்ந்ததும் இதில்தான் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சவுக்கு. கடலோர மணல் ஊர்களில் சவுக்கு நடாத குடும்பம் குறைவு. முன்பெல்லாம் விதை தூவி நாற்று எடுப்பார்கள், இப்போது தேர்ந்தெடுத்த மரத்தின் இளந்தளிரை வெட்டி, ஈரம் நிறைந்த பாலித்தீன் கூடாரத்துக்குள் வேர்விட வைத்து, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிக் கன்று எடுக்கிறார்கள். இது கிட்டத்தட்ட தொழிற்சாலை வேலை. எண்ணிக்கை, சுத்தம், நேரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

காய்கறி நாற்று நர்சரியில் குழித்தட்டும் தென்னை நார்க்கழிவும்தான் உலகம். 98 குழித் தட்டில் கத்தரி, மிளகாய், தக்காளி. தக்காளி 25 நாளில் நடவுக்குத் தயார், மிளகாய் 35லிருந்து 40 நாள் வரை கேட்கும். பணம் சீக்கிரம் சுழலும், அதே வேகத்தில் நஷ்டமும் வரும், ஒரு வாரம் தாமதித்தால் நாற்று முற்றிவிடும், எவரும் வாங்க மாட்டார்கள்.

ஐந்தாவது, நாட்டு மர நர்சரி. ஆரோவில் 1968ல் தொடங்கியபோது அந்த மேடு வெறும் செம்மண் பொட்டல், மழை பெய்தால் மண் கடலுக்கு ஓடும். இன்று அது காடு. அந்தக் காட்டை உண்டாக்கியவர்களிடம் இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களை, வீரை, பாலை, காயா மாதிரி மரங்களை, விதையெடுத்து வளர்க்கிற அறிவு சேர்ந்திருக்கிறது. கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி மிச்சமிருக்கும் கோயில் காடுகளில் போய்ப் பார்த்தால் அந்த மரங்கள் எப்படி நிற்கும் என்பது புரியும். சம்பளம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஆனால் விதை எந்த மாதம் பழுக்கும், எந்த விதையை உடனே போட வேண்டும், எதை ஊறவைக்க வேண்டும் என்பதை இங்கே கற்றுக்கொண்ட ஆளைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறார்கள்.

முடிவெடுக்க ஒரு வழி சொல்கிறேன். ஐந்தில் மூன்று வகைக்காவது நேரில் போய் ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். காலை ஆறு மணிக்குப் போங்கள், பத்து மணிக்கு வாடிக்கையாளர் மாதிரிப் போகாதீர்கள்.

முதல் மூன்று மாதம்: பூவாளியும் பாக்கெட்டும்

சேர்ந்த முதல் வாரமே ஒட்டுக்கத்தி கேட்டேன். மேஸ்திரி சிரித்துவிட்டு, "தம்பி, மொதல்ல தண்ணி ஊத்து, கத்தி ஓடியா போவுது" என்றார். எனக்கு ரோஷம். ஆனால் நர்சரியில் சாகிற செடியில் பெரும்பங்கு பூச்சியால் சாவதில்லை, தண்ணீரால்தான் சாகிறது, அதுவும் குறைவால் அல்ல, அதிகத்தால்.

மேல் மண் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சேறாக இருக்கும். விரலை ஒரு கணு அளவு உள்ளே விட்டுப் பாருங்கள், அல்லது செடி நிற்கிற பாலித்தீன் பாக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒரு மாதம் தூக்கிப் பழகினால் கனத்தை வைத்தே ஈரம் சொல்லிவிடலாம். காலையில் ஊற்றுவது நல்லது, சாயங்காலம் இலை நனைய ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நின்று பூஞ்சாணம் வரும். நிழல்வலையின் ஓரத்தில் இருக்கிற வரிசை நடுவரிசையைவிட சீக்கிரம் காயும், காற்று அடிக்கிற பக்கம் இன்னும் சீக்கிரம். எல்லா வரிசைக்கும் ஒரே அளவு ஊற்றுகிற ஆளுக்கு இன்னும் வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

நம் கடலோரத்துக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு, உப்புத் தண்ணீர். இலை நுனி கருகினால் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள், அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. போர் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் வரும், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதை அது சொல்லும் (டெசிசீமன்ஸ்/மீட்டர் கணக்கில்). 1க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 2ஐத் தாண்டினால் இளம் நாற்றுக்கு ஆகாது, மழைநீர்த் தொட்டி கட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். இந்த ஒரு பரிசோதனையைச் செய்யத் தெரிந்த பையனை முதலாளி சும்மா விட மாட்டார்.

பாக்கெட் நிரப்புவது எளிதாகத் தெரியும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று என்பது பொதுவான கணக்கு. மக்கிய என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், பாதி மக்கிய எருவில் சூடும் வேர்ப்புழுவும் வரும். பாக்கெட்டின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். லேசாகத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும், அழுத்தினால் வேர் மூச்சுவிடாது, தொளதொளவென்று விட்டால் முதல் தண்ணீரிலேயே பாதியாக இறங்கிவிடும். இந்த வேலையில் நம் ஊர் அக்காமாரை மிஞ்ச முடியாது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், வேகமும் வரும், நர்சரியின் முழு வரலாறும் காதில் விழும்.

அப்புறம், பாக்கெட் வரிசைக்குள் கை விடும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். ஈரமும் நிழலும் இருக்கிற இடம், தேள், விரியன் எல்லாம் இருக்கும். பதினெட்டு வயது ஆகாதவர்கள் மருந்து தெளிக்கவே கூடாது, முதலாளி சொன்னாலும் கூடாது. மருந்து டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும், சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் இறங்கும். படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றுதான் அந்த நிறம், படித்த நாமே பார்ப்பதில்லை.

ஒட்டுக் கட்டுவது

இதுதான் உங்களைக் கூலியாளிலிருந்து கைவினைஞராக மாற்றுகிற படி. நிதானமாகச் சொல்கிறேன், முந்திரியை வைத்து.

வேர்ச்செடிக்கு, அதாவது கீழே வேராக நிற்கப் போகிற நாற்றுக்கு, நல்ல கனமான விதையை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். ஓர் இரவு ஊறிய விதையை, காம்பு இருந்த பக்கம் மேலே வருகிற மாதிரி, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். 45லிருந்து 60 நாள் ஆன கன்று, தண்டு நேராகவும் பென்சில் கனத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தால் ஒட்டுக்குச் சரி.

தாய்க்குச்சி, அதாவது நல்ல தாய்மரத்தில் வெட்டி நாற்றின் மேல் ஒட்டுகிற குச்சி, அந்த விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். மூன்று முதல் ஐந்து மாத வயதுள்ள, பூக்காத பக்கக் கிளையின் நுனி வேண்டும். வெட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, மரத்தில் இருக்கும்போதே, அந்தக் கிளையின் இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிட வேண்டும். அப்போது நுனிமொட்டு பருத்து, விட்டால் வெடிப்பேன் என்று நிற்கும். அந்த நிலையில் பத்து பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு நிழலில் கொண்டுவாருங்கள். வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுவந்து, ஒட்டு ஏறவில்லை, அதாவது சேர்ந்து துளிர்க்கவில்லை, என்று புலம்பிய ஆள்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு தடவை அந்த ஆள்.

வேர்ச்செடியில் கீழே இரண்டு ஜோடி இலையை விட்டுவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, மென்தண்டில் வெட்டுங்கள். நடுவில் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளக்க வேண்டும். தாய்க்குச்சியின் அடியை அதே நீளத்துக்கு ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவுங்கள். ஒரே இழுப்பில் சீவ வேண்டும், கத்தியை இரண்டாம் தடவை வைத்தால் மேடு பள்ளம் வந்துவிடும், அந்த இடைவெளியில் காற்று நிற்கும், ஒட்டுச் சேராது. ஆப்பைப் பிளவில் இறக்கும்போது இரண்டின் பட்டையும் ஒரு பக்கமாவது சரியாகப் பொருந்தட்டும். குச்சி மெலிதாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளி வையுங்கள். பட்டைக்கு அடியில் இருக்கிற பச்சைப் படலம்தான் உயிர், கட்டை சேராது.

பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, மேலே ஐஸ்குச்சிப் பை மாதிரி நீளமான பையை உள்ளே லேசாக நனைத்துக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். நிழலில் வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் பையைக் கழற்றலாம், மூன்று நாலு வாரத்தில் துளிர் வரும். ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். அது வேர்ச்செடியின் துளிர், செழிப்பாகத்தான் வரும், பார்க்க ஆசையாக இருக்கும், விட்டால் ஒட்டைத் தின்றுவிடும். நாடாவை வயல் நடவுக்குப் போவதற்குள் அவிழ்க்கவில்லை என்றால் தண்டை நெரித்துவிடும், காற்றில் அங்கேயே ஒடியும்.

பலாவில் இதே முறைதான், இரண்டு வித்தியாசம். கொட்டை காய்ந்தால் முளைக்காது, பழம் அறுத்த சூட்டோடு ஊன்றிவிட வேண்டும், ஒரு மாதம் பெட்டியில் வைத்திருந்தால் பாதி போய்விடும். இன்னொன்று பால். வெட்டியவுடன் வழிகிற பாலைத் துணியால் ஒற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், கத்தியையும் அடிக்கடி துடைக்க வேண்டும்.

முதல் நூறு ஒட்டில் இருபது ஏறினால் சந்தோஷப்படுங்கள். எனக்கு முதல் ஐம்பதில் நாலு. பயிற்சிக்கு நல்ல கன்றை வீணாக்க வேண்டாம், வேலியோரம் கிடக்கிற பூவரசங்குச்சியை வைத்துச் சீவிச் சீவிப் பழகுங்கள், ஒரு நாளைக்கு நூறு சீவல். பிளேடு மழுங்கினால் உடனே மாற்றுங்கள்.

நோட்டு

நான் பட்ட அடியைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், நான் கட்டிய பலா ஒட்டு ஒரு லாட். பாலூர் ஆராய்ச்சி நிலையத்து ரகமான பாலூர் 1 ஒரு வரிசை, பக்கத்தில் தெரிந்தவர் தோட்டத்து மரக் குச்சி ஒரு வரிசை. பேனாவில் எழுதிய அட்டை, ஐப்பசி மழையில் கரைந்து போச்சு. மேஸ்திரி கேட்டபோது தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, இதுதான் பாலூர் 1 என்று ஒரு வரிசையைக் கை காட்டிவிட்டேன். அது லாரி ஏறிப் போய்விட்டது. நாலைந்து வருஷம் கழித்து அந்த விவசாயி வந்து நின்றார். இரண்டு பருவம் காய்க்கும் என்று சொல்லிக் கொடுத்த மரத்தில் பல மரம் ஒரு பருவம்தான் காய்த்தது. அவர் சத்தம் போடவில்லை. "இனிமே வெட்டிட்டு நட்டா எனக்கு என்ன வயசு ஆவும், நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

காய்கறிக் கடையில் அழுகிய தக்காளி கொடுத்தால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். நர்சரியில் பொய்யோ தவறோ வெளியே வர ஐந்து வருஷம் ஆகும், அதற்குள் அந்த மனுஷன் தண்ணீர், உரம், வேலி என்று எல்லாவற்றையும் அதில் கொட்டியிருப்பார். அதனால் நர்சரிக்காரருக்கு முதல் சொத்து எந்தக் கன்று எந்தத் தாய்மரத்தில் வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடிவதுதான்.

ஆகவே முதல் நாளிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். தேதி, எந்தச் செடி, எந்தத் தாய்மரம், குச்சி எங்கே வெட்டியது, யார் கட்டியது, எத்தனை கட்டியது, முப்பதாம் நாள் எத்தனை உயிரோடு. ஓரத்தில் அன்று மழையா, வெயிலா. அட்டைக்குப் பேனா வேண்டாம், பென்சில் மழையில் அழியாது, அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறினால் இன்னும் நல்லது. ஒரு வருஷம் போனால் எந்த மாதத்தில் உங்கள் கைக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று கணக்கே சொல்லும். அடுத்த நர்சரிக்கு வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு இந்த நோட்டையும் நீட்டுங்கள். நான் ஆள் எடுக்கும்போது நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்க்கிறேன்.

படிப்பும் சான்றிதழும்

கைவேலை போதாதா என்று கேட்பீர்கள். மேஸ்திரி ஆகும் வரைக்கும் போதும். அதற்கு மேல் தாள் வேண்டும்.

பத்தாவதையாவது முடித்துவிடுங்கள். வளைகுடா நாடுகளில் தோட்டப் பராமரிப்பு வேலைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் போகிறார்கள். பத்தாவது தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை வராது, தேறாதவர்களுக்குக் கூடுதல் அனுமதி தேவைப்படும். போவதாக இருந்தால் அரசில் பதிவு பெற்ற முகவர் வழியாக, அல்லது தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக. டீக்கடையில் பாஸ்போர்ட் வாங்கி வைத்துக்கொள்கிற ஆளிடம் வேண்டாம்.

குறுகிய பயிற்சிக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, விருத்தாசலத்தில் ஒன்று, புதுச்சேரி குரும்பாபேட்டில் காமராசர் பெயரில் ஒன்று. கிராமப்புற இளைஞர்களுக்கான ஏழு நாள் திறன் பயிற்சி இந்த மாதிரி நிலையங்களில் நடக்கும், நாற்றங்கால் அதில் அடிக்கடி வருகிற தலைப்பு. சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு சான்றிதழோடு திரும்பாதீர்கள், அங்கிருக்கும் விஞ்ஞானியின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இலையில் புள்ளி வந்தால் படம் எடுத்து அனுப்பிக் கேட்க ஓர் ஆள் இருப்பது எத்தனை லாபம் என்று போகப்போகத் தெரியும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமும் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையமும் பேருந்து தூரம்தான், முந்திரியில் வி.ஆர்.ஐ. 3 மாதிரியான ரகங்கள் அங்கிருந்து வந்தவை. தாய்மரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலையை விடாமல் படிக்க தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இயக்ககம் தமிழிலேயே ஆறு மாதச் சான்றிதழ் படிப்புகள் நடத்துகிறது. முழு நேரமாக என்றால் இரண்டு வருஷத் தோட்டக்கலைப் பட்டயம். இதைப் படித்தால் உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், பெரிய நர்சரியில் மேற்பார்வையாளராகவும் எடுப்பார்கள். பட்டப்படிப்புக்கு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காரைக்காலில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பட்டம் வாங்கிவிட்டு ஒட்டுக்கத்தி பிடிக்கத் தெரியாமல் வருகிறவர்களை மேஸ்திரிகள் படுத்துகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது. விடுமுறையில் நர்சரிக்கு வாருங்கள்.

நவீன வசதிகள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கும், கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் கொய்மலருக்கும் (காம்போடு வெட்டி விற்கிற பூ) இஸ்ரேல் ஒத்துழைப்போடு மகத்துவ மையங்கள் இருக்கின்றன. குழித்தட்டு நாற்றுக்குப் போக நினைப்பவர்கள் ரெட்டியார்சத்திரத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

படியேறுவது

ஒரு நர்சரியில் சாதாரணமாக ஏறுமுகம் இப்படி இருக்கும்: தினக்கூலி, ஒட்டுக் கட்டுகிறவர், மேஸ்திரி, மேற்பார்வையாளர். ஆனால் மேலே மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டிலும் வழி இருக்கிறது. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் சீசனில் நர்சரி நர்சரியாகப் போய் எண்ணிக்கைக்குக் கூலி பேசிக் கட்டுகிறார்கள். பேசும்போது கட்டியதற்கா, ஏறியதற்கா கூலி என்பதைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஏறியதற்கு மட்டும்தான் என்றால் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள், நீங்கள் ஒழுங்காகக் கட்டி, அவர்கள் காயவிட்டால் நஷ்டம் உங்களுக்கு வரக் கூடாது.

அழகுச் செடிப் பக்கம் இருப்பவர்கள் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் போகலாம். புதுச்சேரியில் விடுதி, பள்ளி, குடியிருப்பு என்று மாதச் சம்பளத்துக்குத் தோட்டம் பார்க்க ஆள் தேடுகிறார்கள். பூங்கா வேலை எப்படி என்று பார்க்க 1826ல் அமைத்த புதுச்சேரி தாவரவியல் பூங்கா இருக்கவே இருக்கிறது. புதுச்சேரி வேளாண் துறை நடத்துகிற மலர், காய், கனிக் கண்காட்சிக்குத் தவறாமல் போங்கள், ஒரே இடத்தில் இத்தனை நர்சரிக்காரர்களைப் பார்க்க வேறு வாய்ப்பு இல்லை.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நான் பார்த்த வரைக்கும் ஒட்டு வேலையில் கை சுத்தம் பெண்களுக்குத்தான், ஆனால் மேஸ்திரி பட்டம் ஆண்களுக்கே போகிறது. பாக்கெட் நிரப்புவதிலேயே பத்து வருஷம் வைத்திருப்பார்கள். சேரும்போதே ஒட்டுக் கற்றுத் தருவீர்களா என்று கேளுங்கள், ஆறு மாதத்தில் கத்தி கைக்கு வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

சொந்த நர்சரி

இப்போது அந்தச் செலவுக் கேள்விக்கு வரலாம். இடம், போர், நிழல்வலை இதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் எல்லோரும் தவறவிடுகிற கணக்கு ஒன்று உண்டு. ஓர் உதாரணத்துக்கு ஆயிரம் முந்திரி விதை ஊன்றுகிறீர்கள் என்று வையுங்கள். 800 முளைக்கிறது, 700 ஒட்டுக்கு ஆகிறது, 500 ஏறுகிறது, ஐந்தாறு மாதம் வளர்த்து விற்கும்போது 450 தேறுகிறது. செலவு ஆயிரம் பாக்கெட்டுக்கு ஆகியிருக்கிறது, விலையை 450 கன்றின் மேல்தான் போட வேண்டும். இதைப் போடாமல் பக்கத்துக் கடை விலையைப் பார்த்து விற்றவர்கள் இரண்டாம் வருஷம் வலையைச் சுருட்டிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் நாற்றோ கன்றோ விற்க 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உரிமம் வேண்டும், மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். புதுச்சேரி எல்லைக்குள் என்றால் அங்குள்ள வேளாண் துறையைக் கேளுங்கள். நம் பக்கம் ஒரு வயல் தமிழ்நாட்டிலும் அடுத்த வயல் புதுச்சேரியிலும் இருப்பது சாதாரணம், இடம் எந்தக் கணக்கில் வருகிறது என்று பட்டாவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விதை ஆய்வாளர் வந்தால் கொள்முதல் ரசீது, இருப்புப் பதிவேடு, விற்பனை ரசீது கேட்பார். நோட்டு எழுதிப் பழகியவர்களுக்கு இதில் பயமே இருக்காது. கன்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முந்திரி நர்சரிகளுக்கு கொச்சியில் இருக்கும் முந்திரி, கொக்கோ வளர்ச்சி இயக்குநரகமும், பொதுவாகப் பழக்கன்று நர்சரிகளுக்குத் தேசியத் தோட்டக்கலை வாரியமும் அங்கீகாரம் தருகின்றன. அரசுத் திட்டத்துக்குக் கன்று கொடுக்க நினைத்தால் அங்கீகாரம் இல்லாமல் நடக்காது, அதற்கு முதலில் சொந்தத் தாய்மரத் தோட்டம் வேண்டும். நர்சரி வைக்கும் எண்ணம் வந்த அன்றே, கடை திறப்பதற்கு முன்பே, இருபது தாய்மரமாவது நட்டுவிடுங்கள். காய்க்கிற வயது வர அதற்கும் காலம் வேண்டுமே.

மழைக்காலம்

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நமக்கு விற்பனை சீசனும் அதுதான், புயல் சீசனும் அதுதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்களுக்குத் தெரிந்த ஓர் அழகுச் செடி நர்சரியில் வலையைப் பிரிக்காமல் விட்டதால் காற்று வலையோடு இரும்புக் குழாயையும் பிடுங்கிக்கொண்டு போய்த் தொட்டிகள் மேலேயே போட்டது.

எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டிக் கட்டுங்கள், கப்பல் பாய் மாதிரி வலைதான் காற்றைப் பிடிக்கும். அடுத்து வடிகாலைத் திறந்துவிடுங்கள், பாக்கெட் இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் பலாவும் முந்திரியும் தேறாது. உயரமான தொட்டிச் செடிகளை நீங்களே படுக்கப் போட்டுவிடுங்கள், காற்று தள்ளுவதைவிட அது மேல். புதிதாகக் கட்டிய ஒட்டுகள் கூரைக்குள். மருந்து, உரம், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் மேடான இடத்துக்கு. நோட்டு வீட்டுக்கு, பாலித்தீன் பையில். மழை நின்றபின் படுத்த செடிகளை உடனே நிமிர்த்தி, இலையில் ஒட்டிய சேற்றைக் கழுவி, வேரழுகலுக்கு டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சாணம்) கலந்த எரு கொஞ்சம் கொஞ்சம் மேலே போடுங்கள்.

வேலை தேடிக் கிளம்புகிறவர்களுக்கு நல்ல மாதம் எது என்றால், முந்திரி விதையும் பலாக் கொட்டையும் கையில் கிடைக்கிற சித்திரை, வைகாசி. பரீட்சை முடிந்திருக்கும். எந்த நர்சரிக்கும் போகும் முன் ஐம்பது பாக்கெட் வாங்கி வீட்டு வாசலில் விதை ஊன்றிவிடுங்கள். ஆடி பிறப்பதற்குள் ஒட்டுக்குத் தயாராகிவிடும், அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களைப் போன்ற ஒருவரிடம், "அண்ணே, இதுல எப்படிக் கட்டறதுன்னு காட்டுங்க" என்று கேளுங்கள்.